நடு அறைக்கு ஒரு ஜன்னல்

கும்பகோணத்துப் பழைய தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று பின்னால் நீண்டுகொண்டே போகும்; அகலமோ பதினைந்து, இருபது அடிதான். இரு பக்கமும் பொதுச்சுவர். அதில் ஜன்னல் வைக்க வழியில்லை. கட்டியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். அதனால்தான் நடுவில் முற்றத்தை வானம் பார்க்க விட்டார்கள். முற்றத்து வெளிச்சம் எட்டாத அறைக்கு, கூரையில் ஓடுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு வைத்தார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டுமே போய்விட்டன. பாகப்பிரிவினையின்போது முற்றத்தின் குறுக்கே சுவர் எழும்பியது; எங்கள் பங்குக்கு வந்த பாதி முற்றம் மூடப்பட்டுச் சமையலறை ஆனது. பிறகு ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டு மாடி எடுத்தபோது கண்ணாடி ஓடும் போனது. கூடத்தை ஒட்டிய நடு அறை அன்று இருண்டதுதான். பாத்திர பண்டங்களும் நெல் மூட்டைகளும் கிடந்தவரை யாருக்கும் அது உறைக்கவில்லை. முழங்கால் வலியால் மாடி ஏற முடியாமல் போன அத்தை, குளியலறைக்குப் பக்கம் என்பதால் அந்த அறைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அது ஒரு குறை என்று எங்களுக்குத் தெரிந்தது.

அத்தைக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, காது கேட்கிறது, கண்புரை எடுத்தாகிவிட்டது. ஆனால் அந்த அறைக்குப் போன சில வாரங்களில் தூக்கம் தாறுமாறாகிவிட்டது. நள்ளிரவு தாண்டியதும் எழுந்து உட்கார்ந்து, “விடிந்துவிட்டதாடா?” என்று குரல் கொடுப்பார். பகலில் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதற்குள் கண்ணயர்ந்துவிடுவார். அறையில் டியூப்லைட் உண்டு, சுவரில் கடிகாரமும் உண்டு. மணி பத்து என்று கடிகாரம் சொல்லும். அது காலைப் பத்தா இரவுப் பத்தா என்பதை அந்த அறையில் வேறு எதுவும் சொல்லாது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1962-இல் மிஷெல் சிஃப்ரே என்ற பிரெஞ்சு நிலவியலாளர் ஆல்ப்ஸ் மலையில் ஸ்கராசோன் குகைக்குள் கடிகாரம் இல்லாமல் இரண்டு மாதம் தனியாகத் தங்கினார். காலக்கெடு முடிந்துவிட்டது என்று மேலே இருந்தவர்கள் சொன்ன நாள் செப்டம்பர் 14. அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. இருபத்துமூன்று வயது இளைஞர், திடகாத்திரமானவர், ஆராய்ச்சிக்கென்றே உள்ளே போனவர். அவருக்கே மூன்று வாரத்துக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. வெளிச்சத்தில் பகலும் இரவும் மாறி வராவிட்டால் உடம்பு தன் போக்கில் நாளை அளக்கத் தொடங்கிவிடுகிறது.

ஒரு ஜன்னல் செய்து வைப்பது என்று முடிவு செய்தேன். உண்மையான ஜன்னல் அங்கே சாத்தியம் இல்லை, செயற்கை ஜன்னல்தான். அதற்குள் என்ன தெரிய வேண்டும் என்ற கேள்வி முதலில் வந்தது. இப்படி ஜன்னல் செய்பவர்கள் பலரும் ஒரு காட்சியை வைக்கிறார்கள். தென்னந்தோப்பு, மலையருவி, கடற்கரை என்று படத்தை அச்சிட்டு, அதன் பின்னால் விளக்கைப் போடுகிறார்கள். வசதி உள்ளவர்கள் பெரிய டிவி திரையை மாட்டி ஜன்னல் சட்டம் அடித்துவிடுகிறார்கள். வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

படம் அசையாது. அதில் இருக்கும் காகம் பறக்காது, நிழல் நகராது. தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் உண்மை ஜன்னலில் கம்பிக்குப் பின்னால் இருப்பது இடம் மாறும், படத்தில் மாறாது. கண் இதையெல்லாம் விரைவிலேயே கண்டுகொள்ளும், பிறகு அந்தப் பக்கம் திரும்பாது. திரையும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கானும் உடனிருந்தவர்களும் 90 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2008-இல் வெளியிட்டார்கள். சிலரை மரமும் நீரூற்றும் தெரியும் கண்ணாடி ஜன்னல் முன்னால் உட்கார வைத்தார்கள். சிலரை அதே காட்சியை நேரடியாகக் காட்டும் பிளாஸ்மா திரை முன்னால். சிலரை மூடிய சுவர் முன்னால். சிறு மனஅழுத்தத்துக்குப் பிறகு இதயத் துடிப்பு எவ்வளவு வேகமாகப் பழைய நிலைக்கு வருகிறது என்று பார்த்தார்கள். கண்ணாடி ஜன்னல் உதவியது. திரைக்கும் வெறும் சுவருக்கும் வேறுபாடு தெரியவில்லை.

மரத்தைப் பார்த்தபடி படுத்திருப்பதால் நோயாளிக்கு நன்மை உண்டு என்பதை ராஜர் உல்ரிச் 1984-இலேயே எழுதியிருக்கிறார். பித்தப்பை அறுவைக்குப் பிறகு மரங்கள் தெரியும் ஜன்னல் பக்கம் இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்த ஜன்னல்காரர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் அது உண்மை மரம். அதன் படத்தை ஒட்டி அந்தப் பலனைப் பெற்றுவிடலாம் என்று எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை.

என் நினைவெல்லாம் கண்ணாடி ஓட்டின் மேல் இருந்தது. அதன் வழியாக எதுவும் தெரியாது. தூசியும் பாசியும் படிந்து வானம்கூடச் சரியாகத் தெரியாது. ஆனாலும் என் பாட்டி அதை நம்பித்தான் வேலை பார்த்தார். காலையில் மேற்குச் சுவரில் விழும் வெயில் கட்டம் மெல்ல இறங்கித் தரைக்கு வரும். அது உரல் இருந்த மூலையைத் தொட்டால் சாதம் வடிக்க நேரமாயிற்று. மேகம் கடந்தால் அறை மங்கும், உடனே வற்றலை எடுக்க ஆள் ஓடும். அந்த அறைக்கு ஓடு கொண்டுவந்து சேர்த்தது காலத்தை. அத்தையும் அதைத்தான் கேட்டார். “வெயிலும் வேண்டாம், வேடிக்கையும் வேண்டாம். விடிந்தது தெரிந்தால் போதும்” என்றார்.

அதனால் ஜன்னலுக்குள் காட்சி எதுவும் கிடையாது, மாறிக்கொண்டே இருக்கும் வெளிச்சம் மட்டும் என்று தீர்மானமாயிற்று. மாதிரியாக எடுத்துக்கொண்டது, வடக்குப் பார்த்த ஜன்னல் வழியாகத் தெரியும் ஐப்பசி மாதத்து மேகமூட்ட வானத்தை. காரணம் உண்டு. வெயிலைச் செய்வது கடினம். சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அதன் கதிர்கள் இணையாக வந்து சேருகின்றன. ஜன்னல் கம்பிகளின் நிழலும் இணையாக விழுகிறது. பக்கத்தில் வைத்த விளக்கில் அந்த நிழல் விசிறியாக விரிந்து, பொய் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும். இத்தாலியில் பவோலோ தி திராபானி என்ற இயற்பியலாளர் உருவாக்கிய கோலக்ஸ் என்ற செயற்கைக் கூரைச்சாளரம் இதைச் சாதிக்கிறது. நுண்துகள் கலந்த மெல்லிய தகட்டில் ஒளியைச் சிதறடித்து நீலவானத்தையும், அதன் நடுவே எங்கோ தொலைவில் இருப்பதுபோன்ற சூரியனையும் காட்டுகிறது. நிஜ வானம் நீலமாக இருப்பதற்குக் காரணமான அதே ராலே சிதறல்தான். ஆனால் விலையும் அதற்கு வேண்டிய இடமும் என் எல்லைக்குள் இல்லை. மேகமூட்ட வானம் அப்படியில்லை. அதற்கு நிழலே கிடையாது. நம் கைக்கு எட்டுவது அதுதான்.

இடம் ஏற்கெனவே இருந்தது. பழைய வீடுகளின் தடித்த சுவரில் அலமாரி பதித்திருப்பார்களே, அப்படி ஒன்று அந்த அறையின் வடக்குச் சுவரில் இருந்தது. உயரம் நாலு அடி, அகலம் மூன்று அடி, ஆழம் முக்கால் அடிக்குமேல். தட்டுகளைக் கழற்றிவிட்டு உட்புறம் முழுக்கப் பளபளப்பு இல்லாத வெள்ளைச் சாயம் அடித்தோம். ஜன்னலுக்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. பிரிவினைச் சுவர் எழுந்தபோது கழற்றிய தேக்கு ஜன்னல் ஒன்று கொல்லைப் பரணில் கிடந்தது. மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு, நடுவில் குறுக்குச் சட்டம், உருண்டை இரும்புக் கம்பிகள். நம் பக்கத்து ஜன்னல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த நாலு கதவு முறை. கீழ்க்கதவை மூடி மேல்கதவைத் திறந்தால் தெருவில் போகிறவர் பார்வை உள்ளே வராது, வெளிச்சமும் காற்றும் வரும். தச்சர் அதை வாங்கிப் பார்த்து, கீல்களுக்கு எண்ணெய் விட்டு, ஒரு கொண்டியை மட்டும் மாற்றி, அலமாரி வாய்க்குள் சரியாகப் பொருத்திக் கொடுத்தார்.

கம்பிகளுக்கு மூன்று அங்குலம் பின்னால், மூன்று மில்லிமீட்டர் தடிமனில் பால்வெள்ளை அக்ரிலிக் தகடு. இந்த மூன்று அங்குலத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது. தகட்டைக் கம்பியோடு ஒட்டி வைத்தால் விளம்பரப் பலகை ஆகிவிடும். இடைவெளி இருந்தால்தான் நடக்கும்போது கம்பிகள் வெளிச்சத்தின் மேல் நகரும். பின்னால் ஏதோ வெளி இருக்கிறது என்று கண் ஒப்புக்கொள்ளும். தகட்டுக்கு ஆறு அங்குலம் பின்னால், அலுமினியப் பட்டைகளில் எல்இடி வரிசைகள். வரிசைகளுக்கு இடையிலான தூரம், தகட்டுக்கும் வரிசைக்கும் உள்ள தூரத்தைத் தாண்டாமல் இருந்தால் வெளிச்சம் பட்டை பட்டையாகத் தெரியாது. ஆனால் எல்லா வரிசைகளையும் ஒரே இடைவெளியில் வைக்கவில்லை. முழுக்க மேகம் மூடிய வானத்தில் உச்சி, அடிவானத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு ஒளிர்வு உடையது என்பது கட்டடக்கலைஞர்கள் கணக்குக்கு வைத்திருக்கும் விதி. அதனால் மேலே நெருக்கமாகவும் கீழே வர வரத் தள்ளியும் ஒட்டினோம். தகடு முழுக்க ஒரே சீராக எரிந்தால் அது விளக்கு. மேலிருந்து கீழே மெல்ல மங்கினால்தான் வானம்.

எல்இடி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. 12 வோல்ட் வேண்டாம், 24 வோல்ட் வாங்குங்கள். நீளம் கூடும்போது கடைசியில் மங்குவது குறையும். 2,700 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சளும் 6,500 கெல்வின் வெண்மையும் ஒரே பட்டையில் இருப்பதாகப் பாருங்கள். இரண்டையும் கலந்துதான் நேரத்துக்கேற்ற நிறம் வரும். நிறங்களை உள்ளபடி காட்டும் குறியெண் 90-க்குக் குறையக் கூடாது. கடையில் சோதிக்க எளிய வழி, அரக்குச் சிவப்பில் ஒரு துணியை எடுத்துப் போவது. மலிவான எல்இடியின் கீழ் அரக்கு மங்கிக் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய்விடும். அத்தையின் புடவைகளில் பாதி அரக்கு. எங்களுக்குப் பத்து மீட்டர் பட்டை பிடித்தது, மீட்டருக்குப் பத்து வாட். 100 வாட் சுமைக்கு 150 வாட் டிரைவர் போட்டோம்; வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்ப மாற்றித் தரும் கருவி அது. அதையும் பெட்டிக்குள் அடைக்காமல், கைக்கு எட்டும்படி கதவுக்கு மேலே காற்றோட்டத்தில் வைத்தோம். சூடும் பழுதும் வருவது பெரும்பாலும் அதில்தான்.

மின்விசிறி ஓடும் நம் ஊர் அறைகளுக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. எல்இடியை மங்கச் செய்ய, கன்ட்ரோலர் அதை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து ஏற்றும். அந்த வேகம் குறைவாக இருந்தால் விசிறியின் இறக்கைகள் விட்டு விட்டுச் சுழல்வதுபோல் தெரியும். சில நேரம் பின்னோக்கிச் சுழல்வதாகக்கூடத் தோன்றும். படுத்துக்கொண்டு மேலே பார்ப்பவருக்குத் தலைவலி நிச்சயம். ஆயத்தக் கன்ட்ரோலர்கள் சிலவற்றில் இந்த வேகத்தை மாற்ற முடியாது. அதனால் இஎஸ்பி32 என்ற சிறு சில்லை வைத்து நானே நிரல் எழுதி, பல ஆயிரம் முறை என்ற அளவுக்கு ஏற்றிவிட்டேன். விசிறி ஒழுங்காகச் சுற்றுகிறது.

நிரலில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், மனதாரச் செலவழித்தேன். கும்பகோணத்தில் ஜூன் தொடக்கத்தில் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே சூரியன் உதித்துவிடும்; ஜனவரி கடைசியில் 6.35-ஐத் தொட்டுவிடும். இந்த முக்கால் மணி நேர வேறுபாட்டை ஜன்னல் நாள்தோறும் கணக்கிட்டுக்கொள்கிறது. நம் ஊரில் விடியல் சட்டென்று நிகழ்வது. உதயத்துக்கு முந்திய வெளுப்பு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான். வட ஐரோப்பாவில் கோடையில் அது ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அங்கிருந்து வரும் விடியல் விளக்குகளின் நிதானம் அத்தைக்குப் பழக்கமில்லாதது. அவர் எழுபது ஆண்டுகளாகப் பார்த்துவந்த விடியல் எதுவோ, அந்த வேகத்தில்தான் இது விடிகிறது. ஓர் இடத்தில் மட்டும் இயற்கையை மீறியிருக்கிறேன். வடக்கு வானத்தின் விடியல் நீலச் சாயல் உடையது. நான் இளமஞ்சளில் தொடங்கி ஒரு மணி நேரத்தில் வெண்மைக்குக் கொண்டுபோகிறேன். தூங்கி எழுகிற கண்ணுக்கு அது இதமாக இருக்கிறது.

பகலில் வெண்மை கூட இருப்பதற்குக் காரணம் அழகு மட்டும் அல்ல. பார்ப்பதற்கென்று உள்ள செல்களைத் தவிர, பகலா இரவா என்று மூளையின் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே விழித்திரையில் வேறு சில செல்கள் உண்டு. அவை தாமே ஒளியை உணர்கின்றன என்று டேவிட் பெர்சன் குழுவினர் 2002-இல் காட்டினார்கள். நீலம் சார்ந்த ஒளிக்கே அவை அதிகம் அசைகின்றன. பகலில் கண்ணுக்கு வந்து சேரும் ஒளி, அந்தச் செல்களின் அளவுகோலில் குறைந்தது 250 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும், படுக்கைக்கு முந்திய மூன்று மணி நேரம் 10-ஐத் தாண்டக் கூடாது என்று 2022-இல் அத்துறை அறிஞர்கள் பலர் சேர்ந்து பரிந்துரைத்தார்கள். ஜன்னலுக்கு நேரே அத்தை உட்காரும் நாற்காலியில் மீட்டரை வைத்துப் பார்த்தால் நண்பகலில் 300 லக்ஸ் சுற்றி வருகிறது. கட்டிலை அந்தச் சுவர்ப்பக்கம் நகர்த்தியதற்கும் அதுவே காரணம். மாலை ஆறரைக்குள் ஜன்னல் அணைந்துவிடும். பிறகு ஒரு மஞ்சள் விளக்கு, அவ்வளவுதான்.

இவ்வளவு பெருமையாகச் சொன்னாலும் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். நிழலான திண்ணையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இந்த 300 லக்ஸைப்போல் பல மடங்கு சிரமமில்லாமல் கிடைக்கும். ஆகவே காலையில் அத்தையைக் கைபிடித்துத் திண்ணைக்கு அழைத்துவருவதை நிறுத்தவில்லை. காற்றும் இந்த ஜன்னலில் வராது. கதவுக்கு மேலே அடைத்துக் கிடந்த வென்டிலேட்டரைத் திறந்து, எதிர்ச்சுவரில் குளியலறைப் பக்கமாக ஓர் எக்ஸாஸ்ட் விசிறி போட்டோம். நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஈரவெப்பப் பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. வாடகைக்கு விடுவதற்காக இருட்டறை கட்டிவிட்டு இப்படி ஒரு பெட்டியை மாட்டி ஈடுகட்டலாம் என்று யாரேனும் நினைத்தால், அது குடியிருப்பவருக்குச் செய்யும் துரோகம்.

மின்தடையை மறந்துவிடாதீர்கள். நண்பகலில் மின்சாரம் போனால் விளக்கு அணைவது ஒருவிதம், ஜன்னல் அணைவது வேறுவிதம். உள்ளே இருப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். ஜன்னலை இன்வெர்ட்டர் இணைப்பில் போட்டு, மின்சாரம் போனால் பாதி வெளிச்சத்துக்கு மெல்ல இறங்கும்படி வைத்திருக்கிறோம். செலவு, தச்சருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் கொடுத்த கூலி சேர்த்துப் பத்தாயிரம் ரூபாயைச் சற்றுத் தாண்டியது. ஜன்னல் எங்களிடமே இருந்ததால் தப்பித்தோம். பழைய தேக்கு ஜன்னலுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் கேட்டுப் பார்த்தால் விலை புரியும். மின்சாரம் நாளொன்றுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல்.

நள்ளிரவுக் குரல் அநேகமாக நின்றுவிட்டது. திண்ணை, எக்ஸாஸ்ட் விசிறி, ஜன்னல் மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல நான் மருத்துவன் அல்ல. ஆனால் அத்தை ஜன்னலை நடத்தும் விதத்தைப் பார்க்கிறேன். மத்தியானம் படுக்கும்போது மேல்கதவு இரண்டையும் சாத்திவிட்டுக் கீழே ஒன்றை மட்டும் ஒருக்களித்து வைக்கிறார். நாலு மணிக்குத் திறந்து, கொண்டியை மாட்டி, மடித்த துணிகளைக் குறுக்குச் சட்டத்தில் போடுகிறார். பின்னால் இருப்பது அக்ரிலிக் தகடு என்று அவருக்குத் தெரியும். பார்க்க வருகிறவர்களுக்கு அவரே கதவைத் திறந்து காட்டி விளக்குகிறார். யாரையும் ஏமாற்றும் ஏற்பாடு அல்ல இது. நான் மெல்லிய மல் துணியில் திரை ஒன்றும் தைத்து மாட்டினேன். விசிறிக் காற்றில் அது லேசாக ஆடும். அத்தை அதை வலப்பக்கம் ஒதுக்கி முடிந்து வைத்துவிட்டார், வெளிச்சம் மறைகிறதாம்.

அப்படி வந்து பார்த்தவர்களில் எங்கள் தெருக்காரர் ஒருவர், தம் வீட்டு நடு அறைக்கும் இதேபோல் வேண்டும் என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். அவருடைய நடு அறைக்கு மேலே மாடி இல்லை, வெறும் தளம். மேலே வானம் இருக்கும்போது எல்இடி எதற்கு? ஓர் அடி விட்டத்தில் தளத்தில் துளையிட்டு, உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் அலுமினியக் குழாய் இறக்கி, மேலே மழை புகாத குவிமாடமும் கீழே பால்வெள்ளைத் தகடும் பொருத்தினால் நிஜப் பகல் இறங்கும். மின்கட்டணமும் இல்லை, நிரலும் இல்லை. அவருக்கு முதலில் சற்று ஏமாற்றம்தான், தேக்கு ஜன்னல் மேல் ஆசை வைத்திருந்தார். தளத்தில் கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு பொறியாளரை வரச் சொல்லியிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் துளையும் பூச்சும் முடிந்துவிட வேண்டும்.